ஆக்கினால் போதுமா? பேண வேண்டாவா?

அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது திருமழபாடி. அவ்வூர்ச் சிவன் கோயிலின் கருவறைக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஆணை அவ்வளவோடு நின்றிருந்தால், பழஞ்சுவரோடு அதன்மேல் இருந்த எழுத்தும் மண்ணாகப் போயிருக்கும். சுவரை இடிக்குமுன் அதிலுள்ள கல்வெட்டுகளைப் பொத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவ்வாணையிலேயே இருந்தது. அங்ஙனம் படியெடுக்கப்பெற்றவை, முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1026 அளவில், பொத்தகத்திலிருந்து புதுச்சுவரில் மீண்டும் பொறிக்கப்பெற்றன. இவ்வரலாற்றை அக்கோயிற் கல்வெட்டே கூறுகின்றது.

இதனை எடுத்துக்காட்டித் தமிழன் அன்றே கணினியைக் கண்டான் என்று மேடையிற் கைத்தட்டல் வாங்குவாரும் உளர். அத்தகைய வெற்றுப் பெருமை தமிழுக்கு ஒரு பயனும் தாராது. திருமழபாடியில் நடந்தது கண்டுபிடிப்பு அன்று, பேணல். ஒருவன் சுவரின்முன் அமர்ந்து, நிலத்தின் அளவும் விளக்கின் தொகையும் நெல்லின் கணக்கும் பிறழாமல் எழுதிக்கொண்டான். ஆணைக்கும் மறுபொறிப்புக்கும் இடையே பத்தாண்டுக்கு மேல் அப்பொத்தகத்தைச் செல் அரிக்காமலும் நீர் படாமலும் ஒருவர் காத்தார். படியெடுத்தவனுக்கும் காத்தவனுக்கும் மேடையில் இடம் இல்லை. ஆயினும், அவர்கள் இலராயின் கல்லும் இல்லை, கணக்கும் இல்லை.

இன்று ஊராட்சி முதல் ஒன்றிய அரசு வரை, பள்ளி முதல் மருத்துவமனை வரை, கணக்கெல்லாம் தரவுத்தளங்களில் வாழ்கின்றன. செய்திகளை நிரையும் நெடுக்கையுமாக அட்டவணைகளிற் தொகுத்துவைத்து, வேண்டும்போது வேண்டியதை மட்டும் எடுத்துத் தரும் மென்பொருளே தரவுத்தளம். அவற்றுட் சில தனியார் உடைமை. விலையும் மிகுதி, உள்ளே நடப்பதைப் பிறர் காண ஒட்டுவதும் இல்லை. வேறு சில கட்டற்றவை. எவரும் எடுக்கலாம்; பிரித்துப் பார்க்கலாம்; திருத்தலாம்; திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். அத்தகைய கட்டற்ற தரவுத்தளங்களுள் தலையாயவற்றுள் ஒன்று போசுட்கிரெசு. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில், மைக்கேல் சுடோன்பிரேக்கர் என்னும் பேராசிரியர் தலைமையில் 1986இல் தொடங்கிய ஆய்வு அது. அதற்கு முன் அவர் செய்தது இங்கிரெசு. அதற்குப் பின்னர்ச் செய்தது ஆகலான் அப்பெயர் பெற்றது. 1996இல் இன்றைய பெயரோடு பல்கலைக்கழகத்துக்கு வெளியே வந்து, உலகெங்கும் பரந்த தன்னார்வலர் கைக்கு மாறியது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது உடைமை அன்று. ஆண்டுக்கு ஒரு பெரும்பதிப்பு வெளிவருகின்றது; ஒவ்வொரு பதிப்பும் ஐந்தாண்டுக்குப் பேணப்படுகின்றது.

இம்மென்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று, கட்டளைவரிக் கருவிகள். கறுந்திரையில் ஒரு வரியைத் தட்டினால் மறுவரியில் விடை கூறும் சிறு நிரல்கள் அவை. தரவுத்தளத்தைத் தொடக்குவதற்கு ஒன்று. அதனோடு உரையாடுவதற்கு ஒன்று. உள்ளிருப்பதையெல்லாம் ஓர் எழுத்துக்கோப்பாகப் படியெடுப்பதற்கு ஒன்று. படியிலிருந்து மீட்பதற்கு ஒன்று. ஒரு பெரும்பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது உள்ளமைப்பு மாறுவதால், பழையதிற் படியெடுத்துப் புதியதில் மீளப்பொறிப்பது இன்றும் நடைமுறை. இராசராசன் ஆணையிட்டதும் இதுவே. மற்றொரு கை, கையேடு. இரண்டாயிரம் பக்கத்தைக் கடந்த பெருநூல் அது. நிரலில் ஒரு புதுக்கூறு சேர்ப்பவர் கையேட்டிலும் அதற்குரிய பகுதியைச் சேர்த்தல் வேண்டும். சேர்க்காவிடில் அவர்தம் நிரல் ஏற்கப்படுவது அரிது. உரையாடற் கருவியில் ஒரு கட்டளையின் அமைப்பை விளக்குக என்று கேட்டால் திரையில் தோன்றும் குறிப்பு, கையேட்டின் மூலத்திலிருந்தே பிரித்தெடுக்கப்படுவது. ஆகவே கையேடு பழுதுற்றால் கருவியும் ஊமையாகும்.

கையேட்டின் அருமை அறியாதார்க்கு ஓர் எடுத்துக்காட்டு. பெரம்பலூர் மாவட்டம் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது. அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்தது. 2007இல் மறுபடியும் பிரிந்தது. உடையார்பாளையம் பகுதியில் உள்ள ஒரு பள்ளி, ஒரு செங்கல்லும் நகராமல், பன்னிரண்டு ஆண்டுக்குள் நான்கு முறை மாவட்டம் மாறிற்று. (ஆட்சியாளர்க்கு அது ஒரு கையெழுத்து, கணக்கர்க்கோ நான்கு முறை தலைவலி.) இம்மாற்றத்தைத் தரவுத்தளத்திற் செய்வதற்கு ஒரே ஒரு வரி போதும்: இன்ன வட்டத்துப் பள்ளிகளுக்கு மாவட்டப் பெயரை மாற்றுக என்பது. அவ்வரியின் கடைசியில் 'இன்ன வட்டத்து' என்னும் வரையறையை எழுத மறந்தால், அட்டவணையில் உள்ள அத்துணைப் பள்ளிகளும் நொடிப்பொழுதில் அரியலூர்ப் பள்ளிகளாகிவிடும். கருவி தடுக்காது; 'இத்தனை நிரை மாற்றப்பட்டன' என்று மட்டும் கூறும். அதனினும் கொடியது ஒன்று உண்டு. தரவுத்தளம் முழுவதையும் அழிக்கும் கருவி, 'உறுதியாக அழிக்கவோ?' என்று தானாகக் கேட்பதில்லை. கேட்கவைக்க ஒரு குறியைச் சேர்த்தல் வேண்டும். அப்படி ஒரு குறி உண்டு என்பதைச் சொல்வது கையேடும், கருவியின் உதவிக்குறிப்புமே. படிக்காதவன் இழப்பான், படிக்க இயலாதவனும் இழப்பான்.

படிக்க இயலாதவன் எவன்? இங்கேதான் செய்தி நெஞ்சைச் சுடுகின்றது. தமிழ்வழியிற் படிக்கும் 12ஆம் வகுப்பு மாணவனுக்குக் கணினி அறிவியற் பாடநூலில் தரவுத்தளம் தமிழிலேயே பாடமாக உள்ளது. எசுகியூஎலைட்டு என்னும் சிறு கட்டற்ற தரவுத்தளத்தையும் அந்நூல் அறிமுகப்படுத்துகின்றது. வேப்பந்தட்டையிலோ செந்துறையிலோ ஒரு பள்ளியில் அப்பாடத்தைத் தமிழிற் கற்றுத் தேறியவன், பெரம்பலூரில் ஒரு கல்லூரிக்கு வந்து திரையின்முன் அமர்கின்றான். ஓர் எழுத்தைத் தவறித் தட்டுகின்றான். உடனே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுகின்றது. தவறு அவனுக்கு விளங்கக்கூடியதே. அதனைக் கூறும் மொழிதான் விளங்கவில்லை. பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கின்றான். அவன் ஆங்கிலவழியில் வந்தவன், புரிந்துகொண்டு திருத்துகின்றான். அன்று முதல் முன்னவன் தன்னை அறிவிற் குறைந்தவன் என்று எண்ணத் தொடங்குகின்றான். குறைந்தது அவன் அறிவன்று. அவன் மொழிக்குச் செய்யப்பட வேண்டியிருந்த வேலை.

அவ்வேலை செய்யப்படவே இல்லை என்று கூறுதல் பொருந்தாது. செய்யப்பட்டது; அதுதான் இக்கதையின் துயரம். 2007ஆம் ஆண்டில் தமிழார்வலர் போசுட்கிரெசின் கருவிகள் சிலவற்றின் செய்திகளைத் தமிழில் பெயர்த்து அளித்தனர். தரவுத்தளத்தைத் தொடக்கும் கருவி, அதன் கட்டுப்பாட்டுக் குறிப்பைக் காட்டும் கருவி, நிறுவப்பட்ட அமைவைக் கூறும் கருவி, பிற நிரல்கள் தரவுத்தளத்தோடு தொடர்புகொள்ளும் நூலகம் ஆகியவை தமிழில் பேசின. 2008இல் வெளிவந்த 8.3ஆம் பதிப்பில், மொழிகளின் வரிசையில் தமிழும் நின்றது. எவரும் அரசாணை வேண்டவில்லை. எவரும் போராட்டம் நடத்தவில்லை. உட்கார்ந்து வேலை செய்தார்கள், இடம் கிடைத்தது.

பின்னர் என்ன நேர்ந்தது? பதிப்பு ஆண்டுதோறும் மாறியது. புதுச்செய்திகள் சேர்ந்தன, பழஞ்செய்திகள் திருத்தப்பட்டன. ஆங்கில மூலத்தில் ஒரு சொல் மாறினும், அதற்குரிய பழைய பெயர்ப்பு 'தெளிவற்றது' என்று குறிக்கப்பட்டு ஒதுக்கப்படும். ஒருவர் வந்து பார்த்து ஒப்பும்வரை அது திரைக்கு வாராது. ஒரு கருவியின் செய்திகளில் ஐந்தில் நான்கு பங்கேனும் பெயர்க்கப்படாத மொழி, பதிப்பிற் சேர்க்கப்படுவதில்லை. இவ்விதி தமிழுக்கென்று வகுத்த பகைவிதி அன்று. எல்லா மொழிக்கும் பொது. தமிழைப் பார்த்து ஒப்புவார் இலர். ஆகவே ஒவ்வொரு கருவியாகத் தமிழ் உதிர்ந்தது. மிகக் குறைவாக மாறும் சிறு கருவியில், அஃதாவது அமைவைக் கூறும் கருவியில் மட்டும், பின்னும் பல பதிப்புகள் வரை அது தங்கியிருந்தது. யாரும் தொடாத மூலையில் மட்டும் விளக்கு எரிந்ததுபோல.

அதே காலத்தில் பிறர் என் செய்தனர்? சப்பானியர் அப்பெருங்கையேடு முழுவதையும் தம்மொழியில் பெயர்த்துப் பதிப்புதோறும் புதுப்பிக்கின்றனர். பிரெஞ்சியரும் உருசியரும் அவ்வாறே செய்கின்றனர். இவர்கள் பேரரசு ஆண்டவர், பொருள் மிக்கவர் என்று ஆறுதல் கொள்வார்க்குச் சியார்சியா நாட்டைக் காட்டலாம். நாற்பது இலக்கம் அளவினரே வாழும் சிறுநாடு அது. தனக்கெனத் தனியெழுத்து உடையது. அண்மைப் பதிப்புகளில் போசுட்கிரெசின் கருவிகள் அவர்கள் மொழியிற் பேசுகின்றன. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் மட்டும் 6.9 கோடி மக்களின் தாய்மொழி தமிழ்.

மரியாடிபி என்னும் மற்றொரு கட்டற்ற தரவுத்தளத்தின் பிழைச்செய்தி மொழிகளுள் இந்தி ஏறிவிட்டது, தமிழ் ஏறவில்லை. இதனைக் கேட்டவுடன் கொதிப்பார் உளர். யாரும் அங்கு இந்தியைத் திணிக்கவில்லை. இந்தி அறிந்த ஒருவர் உழைத்தார், இந்தி வந்தது. தமிழ் அறிந்த ஒருவர் உழைத்தால் தமிழ் வருவதைத் தடுப்பார் எவரும் இலர். தடையில்லாத இடத்தில் இல்லாமற் போவதைத் திணிப்பு என்று கூறுதல் எங்ஙனம்?

தனித்தமிழ் அன்பர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கலைச்சொல் ஆக்குவதில் அவர்க்கு இணை இல்லை. தரவுத்தளமா, தரவகமா, தரவுக்களஞ்சியமா என்று மூன்று திங்கள் வழக்காடுவர். மூன்றுக்கும் வேர் காட்டுவர். வழக்கு முடியுமுன் ஆங்கிலச் சொல் அலுவலகத்தில் அமர்ந்துவிடும். ஒரு சொல் வாழ்வது அகரமுதலியில் அச்சேறியதால் அன்று. நாள்தோறும் ஒருவன் கண்முன் வந்து நிற்பதால். தேவநேயப் பாவாணர் 1981இல் மறைந்தார். 1974இல் அவரை இயக்குநராகக் கொண்டு தொடங்கிய செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் அவரோடு மறையவில்லை. 2011 வரை தொடர்ந்து முற்றியது. ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் எடுக்க ஓர் அமைப்பு இருந்ததே கரணியம். 2007இன் தமிழ்ப் பெயர்ப்புக்கு அத்தகைய அமைப்பு வாய்க்கவில்லை.

நிரலர் மட்டும் செய்யத்தக்க வேலை இது என்பதும் பிழை. இலக்கணம் கற்றவர் இன்றேல் இது செம்மையுறாது. இரண்டொன்று காண்க.

கோப்பு ஒன்றைத் திறக்க முடியாதபோது எழும் செய்தியில் கோப்பின் பெயர் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கணினி அதனைப் பின்னர் நிரப்பும். ஆங்கிலத்தில் இதனால் இடரில்லை. தமிழில் வேற்றுமையுருபு பெயரின் ஈற்றில் ஒட்டுவது. பெயர் எதுவென்று தெரியாமல் உருபை ஒட்டுவது எங்ஙனம்? உயிரீறாயின் உடம்படுமெய் வேண்டும், மெய்யீறாயின் வேறு. மூலப்பெயருக்குப் பின் ஒரு கோடிட்டு 'ஐ' என்று தொங்கவிடுவது கல்லாதார் செயல். 'இன்ன பெயர் என்னும் கோப்பைத் திறக்க இயலவில்லை' என்று எழுதினால் இடர் தீர்ந்தது. உருபு 'கோப்பு' என்னும் தெரிந்த சொல்லின்மேல் ஏறிவிடும்; வெற்றிடத்தில் எப்பெயர் வரினும் தொடர் குலையாது. ஒரே தொடரில் இரண்டு வெற்றிடம் வரின், தமிழில் வினை இறுதியில் நிற்பதால் அவற்றின் முறை மாறும். அதற்கும் வழி உண்டு. எது முதலாவது, எது இரண்டாவது என்று எண்ணிட்டுவிடலாம்.

இன்னொன்று. போசுட்கிரெசின் செய்திநடை விதிகள் தமிழாசிரியர் எவரும் மகிழத்தக்க நுட்பம் உடையவை. 'இயலாது' என்பதற்கும் 'இயலவில்லை' என்பதற்கும் அவை வேறுபாடு காண்கின்றன. முன்னது, அச்செயலுக்கு இம்மென்பொருளில் வழியே இல்லை என்பது. பின்னது, முயன்று பார்த்து முடியவில்லை என்பது. பின்னதாயின் இடரை நீக்கி மீண்டும் முயலலாம். தமிழில் இவ்வேறுபாடு வினைமுற்றிலேயே இயல்பாக அமைந்துகிடக்கின்றது. அஃதுணராமல் இரண்டையும் 'முடியாது' என்று பெயர்த்தால் பயனரைப் பொய்யில் நிறுத்துவதாகும். பிழையான உள்ளீட்டைச் 'சட்டத்துக்குப் புறம்பானது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லாற் குறிக்கலாகாது, 'செல்லாதது' என்றே குறிக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. தவறித் தட்டியவனைக் குற்றவாளியாக்கலாகாது அன்றோ!

பிழைகளின் படிநிலையும் அத்தகையதே. ஒரு கட்டளையை மட்டும் நிறுத்தும் பிழை ஒன்று. பயனரின் தொடர்பையே முறிக்கும் பிழை ஒன்று. தரவுத்தளச் சேவை முழுவதையும் வீழ்த்தும் பிழை ஒன்று. முறிபிழை, வீழ்பிழை என்று வினைத்தொகையில் இரண்டு சொல் ஆக்கினால், சாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லினும் நடந்ததைத் தெளிவாகக் கூறும். 'அட்டவணை' என்னும் பொருளில் ஆங்கிலம் ஆளும் ஒரு சொல்லுக்கு 'உறவு' என்பது நேர்ப்பொருள். 'உறவு இல்லை' என்று திரையில் எழுதினால் படிப்பவன் எந்த உறவை எண்ணுவானோ! உரையாடற் கருவி விடைகூறியபின் நிரைகளின் எண்ணிக்கையை ஒருமை பன்மை பார்த்து அச்சிடுகின்றது. அஃறிணைப் பன்மைக்குக் 'கள்' ஈறு கட்டாயம் அன்று என்பது தொல்காப்பியம் முதல் வரும் மரபு. 'ஐந்து நிரை' என்பதே பைந்தமிழ்.

மறுப்புரைப்பார் கூற்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழில் பிழைச்செய்தி வந்தால், அதற்குத் தீர்வு தேடுவது அரிதாகும். உலகோர் ஆங்கிலத்தில்தானே எழுதிவைத்துள்ளனர் என்பர். இது கருதத்தக்க மறுப்பே. ஆயினும் ஒவ்வொரு பிழைக்கும் ஐந்து எழுத்தால் ஆகிய ஒரு குறியெண் உண்டு. அஃது எம்மொழியிலும் மாறாது. இல்லாத அட்டவணையைக் கேட்டால் '42பி01' என்பதே குறி. செய்தியை விரிவாகக் காட்டுக என்று கருவியைப் பணித்தால் குறியும் உடன் தோன்றும். செய்திமொழியை அமர்வுதோறும் மாற்றிக்கொள்ளவும் இடம் உண்டு. தமிழிற் கற்று, வேண்டும்போது ஆங்கிலத்துக்கு மாறுவதை எவர் தடுத்தார்?

பொறியே பெயர்த்துவிடும், மாந்தர் எதற்கு என்பர் வேறு சிலர். முதல் வரைவுக்குப் பொறி உதவட்டும். ஆயின் தனித்து நிற்கும் மூன்று சொல்லைக் கண்டு, இஃது அட்டவணையா, மேசையா என்றும், முயன்று தோற்றதா, வழியே இல்லாததா என்றும் தெளிந்து கையொப்பம் இட ஒருவர் வேண்டும். கட்டளைச் சொற்களையே தமிழாக்க வேண்டும் என்பார் மூன்றாம் வகையினர். பள்ளிச் சிறுவர்க்கென எழில் என்னும் தமிழ் நிரல்மொழியே உண்டு, அது நற்பணி. தரவுத்தளக் கட்டளைகளோ பல மென்பொருள்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளும் பொதுக்குறிகள். கூட்டற்குறி, கழித்தற்குறி போல்வன. அவற்றை விட்டுவிடலாம். கருவி மாந்தனோடு பேசும் பேச்சுத்தான் தமிழாக வேண்டும்.

போசுட்கிரெசு தமிழை அறியாததும் அன்று. 2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், தமிழ்ச் சொல்லின் ஈறுகளைக் களைந்து வேர்ப்பகுதியைக் கொண்டு தேடும் திறம் அதில் உண்டு. தமிழ் நெடுங்கணக்கு முறையில் பெயர்களை வரிசைப்படுத்தவும் 2017இன் 10ஆம் பதிப்பு முதல் வழி உண்டு. இதன் தேவையை உணர்ந்தவர் மிகச் சிலரே. ஒருங்குறி அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னும், னகரம் பகரத்துக்கு முன்னும் வைக்கப்பட்டுள்ளன. எண்முறையில் வரிசைப்படுத்தினால் பழுவூர் முன்னும் பவானி பின்னும் வரும். நெடுங்கணக்கின்படி பவானியே முந்தும். இந்த அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியிற் பணியாற்றிய வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது பெயர், பொருள், தொகை, தொடை என நான்காகப் பகுத்து அகரவரிசையில் அமைத்தார். மனப்பாடமாய்க் கிடந்த சொல்லறிவைத் தேடி எடுக்கத்தக்கதாக்கிய வேலை அது. இன்று அவ்வரிசையைத் தரும் திறம் மென்பொருளுக்குள் இருக்கின்றது. அதனை இயக்கும் முறையோ ஆங்கிலக் கையேட்டின் ஓர் இயலில் உறங்குகின்றது. தமிழைத் தேடத் தெரிந்த கருவி, தமிழை வரிசைப்படுத்தத் தெரிந்த கருவி, தமிழிற் பேசமட்டும் தெரியாமல் நிற்கின்றது.

தமிழில் இத்துறை நூல்கள் அறவே இல்லை என்பதற்கில்லை. 2012இல் தொடங்கிய கணியம் இதழின் வழி, து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎசுகியூஎல்' போன்ற நூல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவை பாராட்டுக்குரியன. நூல் ஒருமுறை எழுதி முடிவது. கையேடும் செய்திகளும் முடிவில்லாதன. அவற்றுக்கு வேண்டுவது பெரும்புலமையன்று, விடாமை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கலைக்கல்லூரிகளும் பொறியியற் கல்லூரிகளும் உள்ளன. கணினித்துறை ஒருபக்கம், தமிழ்த்துறை மறுபக்கம். இடையே ஒரு தாழ்வாரம். ஆண்டுதோறும் கணினித்துறை மாணவர் செயல்திட்டம் என்று ஒன்றைச் செய்து, அச்சிட்டு, கட்டடம் செய்து, அலமாரியிற் பூட்டிவைக்கின்றனர். ஒருவரும் பயன்படுத்தாத கடைக்கணக்கு மென்பொருளை நூறாவது முறையாகச் செய்வதை விடுத்து, ஒரு மாணவர் குழு ஒரு கருவியின் செய்திகளை எடுத்துக்கொள்ளட்டும். தமிழ்த்துறையார் ஒருவர் உடனிருந்து சந்தியும் சொல்லும் பார்க்கட்டும். அடுத்த ஆண்டுக் குழு அதே கோப்பைப் பெற்றுத் 'தெளிவற்றது' என்று குறிக்கப்பட்டவற்றை மட்டும் திருத்தட்டும். முதலாண்டு உழைப்புப் பெரிது. பின்னர் வருவதெல்லாம் சிறு களையெடுப்பே. பெரும்பதிப்பு பெரும்பாலும் ஆண்டின் இலையுதிர் காலத்தில் வருகின்றது. அதற்குச் சில திங்கள் முன்னரே முன்னோட்டப் பதிப்பு வந்துவிடுகின்றது. கல்வியாண்டின் தொடக்கத்தோடு அக்காலம் பொருந்தியும் உள்ளது.

எதைக்கொண்டு தொடங்குவது என்று மலைக்கவும் வேண்டா. அமைவைக் கூறும் சிறு கருவியின் செய்திகள் சிலபத்தே. ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். அடுத்தது தரவுத்தளத்தைத் தொடக்கும் கருவி. உரையாடற் கருவி பெரிது. மூன்றாம் ஆண்டுக்கு வைக்கலாம். முழுவதையும் புதிதாகப் பெயர்க்க வேண்டிய தேவையும் இல்லை. 8.3ஆம் பதிப்பின் மூலநிரல் இன்றும் பொதுவில் எவரும் எடுக்கக் கிடைக்கின்றது. அதனுள், 2007இல் எழுதிய தமிழ்க் கோப்புகள், எழுதியவாறே, படியெடுப்பாரை நோக்கி இருக்கின்றன.